நான்கு மில்லிமீட்டர் பின்னால்

பாய்,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் கருகிவிட்டது. ஆறு மணி இருக்கும். மாடிப்படியெல்லாம் அந்த வாசனை: கருகிய எனாமல், வார்னிஷ், சூடேறிய செம்பு. இரண்டாவது மாடி அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாராவது மெயினை ஆஃப் பண்ணுங்களேன்" என்று கத்தினார். நான் போய் மெயினை நிறுத்தினேன். நிறுத்திவிட்டு மோட்டார் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். "தள்ளி வாங்க சார், புகை" என்றார் வாட்ச்மேன். எனக்கு அது புகையாகத் தெரியவில்லை. நாற்பது வருஷம் உங்கள் சட்டையில் இருந்த வாசனை அது.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றை, நீங்கள் இருந்தபோது சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் நிர்வாகத்துக்கு எழுதிய புகார்கள். அவற்றில் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இதற்கும் வராது. ஆகவே பழகின வேலைதான்.

கிண்டி எஸ்டேட்டில் நான் ஃபிட்டர். நீங்கள் ராயப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்து, எரிந்துபோன மோட்டார்களை கேரியரில் கட்டி எடுத்துப் போய், புதுச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கொண்டுவருவீர்கள். முதல் நாளே நமக்குள் சண்டை. ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டீர்கள்.

"பேரிங் போச்சு நைனா."

"போன வாரம்தான் போட்டது பாய். நானே போட்டேன்."

"நீ போட்டா கெடாதா? இன்னா, நீ சாமியா?"

கழற்றிப் பார்த்தோம். குண்டுகளில் ஒன்று அரித்துப்போயிருந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் நான் உங்களோடு பேசவில்லை. மூன்றாவது வாரம் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, டீதான். நீங்களும் அதை டீயாகவே குடித்தீர்கள். நான் எப்பேர்ப்பட்டவன் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என்னை இப்படி ஆக்கியதும் அந்தக் கம்பெனிதான். நான் எட்டாவதோடு நின்றவன். குப்பையில் எறிந்த வரைபடங்களை வீட்டுக்கு எடுத்து வந்து, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, யாரும் சொல்லித் தராமல் வரைபடம் படிக்கக் கற்றேன். என் தலைக்கு மேல் இரண்டு ஃபோர்மேன்கள் வந்தார்கள். இரண்டு பேருக்கும் அளவெடுக்க வெர்னியர் பிடிக்கக் காட்டியவன் நான். மூன்றாவது முறை நானே மேனேஜர் அறைக்குள் போய் அந்த இடத்தை எனக்குக் கேட்டேன். அவர் தேக்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, நிமிராமலே, "எட்டாவது படிச்சவனுக்கு என்னய்யா தெரியும்?" என்றார். எனக்கு அது இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

கம்பெனியை மூடி, சாமான்களை விற்றபோது அந்த மேசையை நான் வாங்கினேன். நீங்கள்தான் மீன்பாடி வண்டி பிடித்து, மந்தைவெளி வரைக்கும் அதன் மேல் உட்கார்ந்து வந்தீர்கள்.

"இம்மாம் பெரிய மேஜ எதுக்கு நைனா உனுக்கு? ஆபீஸ் வெக்கப் போறியா?"

"தெரியல பாய். அது அவங்ககிட்ட இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அறையில், வைஸும் டிரில்லும் வைத்திருக்கிறேனே, அங்கே மூன்று வருஷம் அந்த மேசை சும்மா கிடந்தது. பிறகு ஒரு நாள் தி. நகரில் என் வீட்டுக்காரி புடவைக் கடைக்குள் போனபோது, நான் வெயிலுக்கு ஒதுங்கப் பக்கத்துக் கடையில் நுழைந்தேன். வாத்தியக் கடை. ஒரு எலக்ட்ரிக் கிட்டாரைக் கையில் எடுத்து, கழுத்தை உடம்போடு எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று திருப்பிப் பார்த்தேன். விற்பனையாள் ஓடி வந்து, "பெரியவரே, வாங்குறதா இருந்தா எடுங்க" என்று என் கையிலிருந்து வாங்கி மாட்டிவிட்டான். அந்த இணைப்பில் ஒரு நூல் இடைவெளி இருந்தது பாய். அதை அவனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

புடவைக் கடைக்குத் திரும்பவில்லை. நேராக உங்கள் கடைக்கு வந்தேன். அதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கதை.

"பாய், கிட்டார் ஒண்ணு செய்யப் போறேன். கரண்ட் கிட்டார்."

சால்டரிங் அயனைக் கீழே வைத்தீர்கள். "உனுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"வூட்ல யாருக்குனா?"

"இல்ல."

"அப்பால எதுக்கு?"

"லிஃப்ட் செய்றவன் மாடி வூட்லயா குடியிருக்கான்?"

நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காயில் கீதா அதுல?" என்று கேட்டீர்கள். இருக்கிறது, கம்பிக்கு அடியில் காந்தம், காந்தத்தைச் சுற்றிக் காயில், அதுதான் சத்தத்தைப் பிடிக்கிறது என்றேன். "அப்போ எனுக்கும் வேல கீது" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ தொழுகை முடிந்து மந்தைவெளிக்கு வந்துவிடுவீர்கள். மெட்ரோவுக்காகத் தெருவைப் பாதி அடைத்து வைத்திருந்தார்கள். மூன்று தெரு சுற்றி, மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, "இந்த கிட்டார் முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிடுவேன் போல கீது" என்பீர்கள். இதை எழுதும்போது கை நிற்கிறது. அன்றைக்கு நான் சிரித்தேன்.

அந்த மேசையை அறுத்த நாளின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பலகை உடம்பாயிற்று. ஒரு கால் கழுத்தாயிற்று. மேனேஜரின் மசிக் கறை ஒன்று மரத்தில் ஊறியிருந்தது. தேய்த்து எடுக்கட்டுமா என்றீர்கள். வேண்டாம், முதுகுப் பக்கம் போகட்டும், வாசிக்கிறவன் வயிற்றில் இடிக்கட்டும் என்றேன்.

காயில் வேலை உங்களுடையது. மோட்டாரில் முரட்டுக் கம்பியைச் சில நூறு சுற்று சுற்றிப் பழகிய கை, தலைமுடியை விட மெல்லிய கம்பியை ஏழாயிரத்துக்கும் மேல் சுற்ற வேண்டும். மூன்று முறை அறுந்தது. நான்காவது முறை மின்விசிறியை நிறுத்தச் சொன்னீர்கள். கதவை மூடச் சொன்னீர்கள். நான் ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். "உஸ். மூச்சு வுட்டாலே அறுந்துடும், நீ வேற பேசற" என்றீர்கள். வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது. அது கம்பி மேல் விழாமல் நான்தான் துண்டால் ஒற்றினேன். முடிந்ததும், மோட்டார் காயிலை வார்னிஷில் முக்குகிற நீங்கள், இதை உருக்கிய மெழுகுவர்த்தியில் முக்கி எடுத்துக் குழந்தையைப் போலத் துணியில் வைத்தீர்கள்.

அளவு வேலை என்னுடையது. கம்பியை அமுக்கக் கழுத்தின் குறுக்கே பதிக்கிற ஒவ்வொரு மெட்டும் எங்கே வர வேண்டும் என்று மூன்று தசம இடம் வரை கணக்குப் போட்டுக் குறித்தேன். கம்பிகள் ஒரு முனையில் உட்காரும் பிரிட்ஜைப் பித்தளைப் பட்டையில் அரத்தால் ராவிச் செய்தேன். பன்னிரண்டாவது மெட்டு கம்பியின் சரிபாதி. ஆகவே மேல் முனையிலிருந்து பன்னிரண்டாவது மெட்டு வரை எவ்வளவோ, அங்கிருந்து பிரிட்ஜ் வரை அவ்வளவே. அளந்தேன், மூலைமட்டம் வைத்தேன், துளை போட்டேன், திருகினேன். நூலிழை பிசகில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நீங்கள் வந்தபோது ஆறு கம்பியும் ஏற்றி, பழைய ஆம்ப்ளிஃபயரில் சொருகி வைத்திருந்தேன். நீங்கள் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாகத் தட்டினீர்கள். அந்தச் சத்தம் வந்ததும் உங்கள் முகம் மலர்ந்த விதம்! "என் காயில் பேசுது நைனா" என்றீர்கள். கீழே குரல் கொடுத்து என் வீட்டுக்காரியை மாடிக்கு வரவழைத்துக் கேட்க வைத்தீர்கள். அவளும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது, புடவைக் கடையில வுட்டுட்டுப் போனதுக்கு" என்று சொல்லி டீயை வைத்துவிட்டு இறங்கினாள்.

பிறகுதான் அது. ஆறாவது கம்பியைப் பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கி, முதல் கம்பியை அமுக்காமல், இரண்டையும் சேர்த்துத் தட்டினீர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சத்தமாகப் போக வேண்டும். நீங்கள் தலையைச் சாய்த்தீர்கள். மறுபடி தட்டினீர்கள்.

"அல அடிக்குது நைனா. ஒரே ரூம்ல ரெண்டு மோட்டார் ஓடும் பாரு, ஒண்ணு கொஞ்சம் வேகமா, ஒண்ணு கொஞ்சம் கம்மியா. வாவ்... வாவ்னு. அது மாதிரி."

"அதெல்லாம் இல்ல பாய்."

"நீ பெல்ட்ட நடுவுல அமுக்கினா இன்னா ஆவும்? இறுகும். இதுவும் அப்டித்தான். அமுக்கினா இறுகுது, இறுகினா சுருதி தூக்குது. அதுக்குத் தக்கன நீளத்த கொஞ்சம் வுடணும். பிரிட்ஜ பின்னால தள்ளு. தடி கம்பிக்கு இன்னும் ஜாஸ்தி."

"பாதின்னா பாதிதான் பாய். ஸ்கேல் பொய் சொல்லாது."

"ஸ்கேல் கம்பிய அமுக்கிப் பாத்துச்சா?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "காயில் சுத்துறவன் உனக்கு இன்னா தெரியும்? எத்தினி சுத்துன்னு எண்ணத் தெரியும். அவ்ளோதான்."

நாற்பது வருஷத்தில் உங்களை நான் ஒருமையில் பேசியது அந்த ஒரு முறைதான். மேசையை அறுத்துவிட்டேன். அதற்குப் பின்னால் உட்கார்ந்து பேசியவனை அறுக்கவில்லை. அவன் என் வாயில் வந்து உட்கார்ந்திருந்தான்.

நீங்கள் கோபப்படவில்லை. மிச்ச டீயை நிதானமாகக் குடித்தீர்கள். "சரி நைனா. கணக்கு உன்னுது, காது என்னுது" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள். அன்றைக்குப் படியில் உங்கள் செருப்புச் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது.

இப்போது, சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். அன்று காலை, நீங்கள் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கம்பி வாங்கியபோதே சுருதி பார்க்கும் சின்னக் கருவி ஒன்றையும் வாங்கியிருந்தேன். கிட்டாரின் தலையில் கவ்வ வைத்தால் முள் அசைந்து காட்டும். அமுக்காத கம்பிகளில் முள் நடுவில் நின்றது. பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கியபோது ஆறு கம்பியிலும், சுருதி கூடிவிட்டது என்று வலது பக்கம் சாய்ந்தது. இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கவில்லை. கருவியைக் கழற்றி, அரம் வைக்கும் டிராயரில், துணிக்கு அடியில் வைத்து மூடினேன். பிறகுதான் படியில் உங்கள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

வாழ்நாள் முழுக்க அளவை நம்பிப் பிழைத்தவன், ஒரு அளவை ஒளித்துவைத்தேன். உங்களிடமிருந்து. தப்பு இருந்தால் "படிக்காதவன் வேலை" என்று சொல்ல வரிசையாக ஆள் நிற்பது போல எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. அந்த வரிசையில் என்றைக்கும் நிற்காத ஒரே ஆள் நீங்கள். உங்களிடம்தான் ஒளித்தேன்.

அடுத்த வெள்ளி நீங்கள் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. என் வீட்டுக்காரி, "ராயப்பேட்டை இன்னா ரங்கூன்லயா கீது? போய் ஒரு வார்த்த சொன்னா கிரீடம் கீழ வுழுந்துடுமா?" என்றாள். ஒரு வெள்ளிக்கிழமை போனேன் பாய். அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கடைக்கு எதிர்ப்பக்கம் டீ சொல்லிவிட்டு நின்றேன். நீங்கள் ஒரு பெரிய மோட்டாரின் மேல் குனிந்து, மூங்கில் குச்சியால் காயிலைத் தட்டி இறக்கிக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்தால் போகலாம் என்று காத்திருந்தேன். டீ ஆறியது. நீங்கள் நிமிரவில்லை. நான் கூப்பிடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

பதினோரு வெள்ளிக்கிழமைகள் அப்படிப் போயின. பன்னிரண்டாவதுக்கு முன்னால் செவ்வாய்க்கிழமை உங்கள் மூத்த மகனிடமிருந்து ஃபோன் வந்தது. கபரஸ்தானில் உங்களை அடக்கம் செய்யும்போது கடைசி வரிசையில் நின்றேன். உங்கள் மகன் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனார். மூன்று கைப்பிடி மண் போட்டேன்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "மாமா, அப்பாக்கு உங்க மேல கோவம் இல்ல. 'அவன் யார் சொன்னாலும் கேக்க மாட்டான், தானா கண்டுபுடிச்சாத்தான் ஒத்துக்குவான், அதான் போவாம கீறேன்'னு சொல்லிக்கினே இருந்தாரு."

நல்ல பிள்ளை. ஆனால் நான் அதை நம்பவில்லை. அப்படியெல்லாம் யோசித்து ஒதுங்கி நிற்கிற ஆள் இல்லை நீங்கள். தப்பைப் பார்த்தால் அங்கேயே போட்டு உடைக்கிறவர். உங்களுக்கு வலித்தது, அதனால் வரவில்லை. அதை ஆறுதலாக மாற்றிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

எட்டு மாதம் கிட்டார் ஆணியில் தொங்கியது, மேலே ஒரு பழைய வேட்டி. இன்று காலை மோட்டார் அறை வாசலிலிருந்து நேராக மாடிக்கு வந்தேன். வேட்டியை எடுத்தேன். டிராயரைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து அந்தக் கருவியை எடுத்துக் கவ்வ வைத்தேன். முள் சாய்ந்தது. சாயட்டும் என்று விட்டேன். பிரிட்ஜைக் கழற்றினேன். அதே மேசையின் மிச்ச மரத்தில் இரண்டு முளை சீவி, பசை தடவி, பழைய துளைகளில் அடித்து அடைத்தேன். பசை காயும் வரை உட்கார்ந்து, பெல்ட் இறுகுவதைப் பற்றி நீங்கள் சொன்னதைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது. மெல்லிய கம்பியின் பக்கம் இரண்டு மில்லிமீட்டர் பின்னால், தடித்த கம்பியின் பக்கம் நான்கு. புதுத் துளை போட்டுத் திருகினேன்.

பிரிட்ஜ் இப்போது கோணலாக நிற்கிறது. என் வாழ்நாளில் ஒரு பொருளைத் தெரிந்தே கோணலாகத் திருகியது இதுதான். பித்தளையின் ஓரத்தில் அடைத்த மரம் கொஞ்சம் வெளியே தெரிகிறது. அதன் மேல் சாயம் பூசப் போவதில்லை. பார்க்கிறவன் பார்க்கட்டும், கேட்கிறவன் கேட்கட்டும். பதில் சொல்வேன்.

டீ கொண்டுவந்த வீட்டுக்காரி வாசலிலேயே நின்றாள்.

"இன்னாய்யா, அத்த ஏன் அவுத்த?"

"தப்பா வெச்சிருந்தேன்."

"இன்னா சொன்ன?"

"தப்பா வெச்சிருந்தேன்னேன். பாய் சொன்னதுதான் சரி."

டீயைக் கீழே வைத்தாள். கேலி செய்யப் போகிறாள் என்று காத்திருந்தேன். "அந்த மனுசன் உசுரோட இருக்கும்போது இத்த சொல்லியிருக்கலாம்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கம்பி ஏற்றினேன். ஆறாவது கம்பியைப் பன்னிரண்டாவது மெட்டில் அமுக்கி, முதல் கம்பியோடு சேர்த்துத் தட்டினேன். அந்த அலை மெல்ல, இன்னும் மெல்ல, நீண்டுகொண்டே போய் நின்றது. இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்துக்கு வந்துவிட்டன பாய். மூன்றாவது கம்பி மட்டும் இன்னும் லேசாகத் தூக்குகிறது. நேர்ப் பட்டையில் அது அவ்வளவுதான் வரும். முள்ளும் அப்படித்தான் காட்டுகிறது. நான் மறைக்கவில்லை.

உங்கள் காது எனக்கு வரவில்லை, வராது. அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னிடம் இருக்கிறது. யாராவது எதிரில் நின்று என் வேலையில் குறை சொன்னால், "உனக்கு இன்னா தெரியும்" என்பது இன்றும் நாக்கு நுனி வரைக்கும் வருகிறது. இப்போது அங்கேயே நின்றுவிடுகிறது. நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். படியில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கிறது, அதனால்தான்.

ஒரு வேலையில் அளவு மாறினால் வரைபடத்தையும் மாற்ற வேண்டும். சாயங்காலம் கிட்டாரின் வரைபடத்தைப் புதிதாகப் போட்டேன். கீழ் மூலைக் கட்டத்தில் வரைந்தவர் என்று என் பெயர். சரிபார்த்தவர் என்ற இடத்திலும் இதுவரை நானேதான் கையெழுத்துப் போட்டுவந்தேன். எவனையும் நம்பியதில்லை. இந்த முறை அங்கே உங்கள் பெயரை எழுதினேன். பக்கத்தில் தேதி. இன்றைய தேதியைப் போடவில்லை பாய். நீங்கள் டீயைக் குடித்து முடித்து இறங்கிப் போனீர்களே, அந்த வெள்ளிக்கிழமையின் தேதியைப் போட்டேன்.